பாவை கேட்கட்டும்

கொஞ்சம் நீளமான பதிவு. அவசரமில்லாத நேரத்தில் படியுங்கள். பணியில் இருக்கும் ஆசிரியர்களும், கிராம சுகாதாரச் செவிலியர்களும், ஷூ கம்பெனிகளில் பொறுப்பில் இருக்கும் என் பழைய மாணவர்களும் அவசியம் படிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

டிசம்பர் 1 எய்ட்ஸ் தினம். மார்ச் 24 காசநோய் தினம். ஜூன் 26 போதைப்பொருள் எதிர்ப்பு தினம். இந்த நாட்களில் நம் ஊர்களில் என்ன நடக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். காலையில் பிளெக்ஸ் கட்டுவார்கள். பிள்ளைகள் கையில் அட்டையைக் கொடுத்து பஜார் வரை ஊர்வலம். திரும்பி வந்ததும் உறுதிமொழி. அதிகாரி பேசுவார், டாக்டர் பேசுவார், தலைமையாசிரியர் நன்றி சொல்வார். போட்டோ வாட்ஸ்அப் குழுவுக்குப் போய்விடும். மறுநாள் அதே பிள்ளையை நிறுத்தி, "காசநோய்க்கு எத்தனை மாதம் மாத்திரை சாப்பிடணும்?" என்று கேட்டுப் பாருங்கள். முழிப்பான்.

இந்த நிகழ்ச்சிகளில் சில இடங்களில் இப்போது பொம்மலாட்டமும் வைக்கிறார்கள். அதை மனதார வரவேற்கிறேன். ஆனால் வைக்கும் விதம்தான் எனக்கு உறுத்துகிறது. சென்ற வருடம் நான் பார்த்த ஒரு நிகழ்ச்சியில் பொம்மை வந்தது, கும்பிட்டது, இருபது நிமிடம் அரசுத் திட்டங்களின் பெயரை வரிசையாக ஒப்பித்தது, "கைகளைக் கழுவுவோம், நோயை ஒழிப்போம்" என்று முழங்கிவிட்டுப் போனது. அதிகாரி பேச வேண்டியதைப் பொம்மை பேசியது, அவ்வளவுதான். பின்வரிசைப் பையன்கள் பொம்மையின் கால் எப்படி ஆடுகிறது என்று மட்டும் பேசிக்கொண்டிருந்தார்கள்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் தோல் தொழில் வட்டாரத்துப் பிள்ளைகளிடம் உடம்பைப் பற்றிப் பேசுவதற்குப் பொம்மையைவிடப் பொருத்தமான வாய் கிடையாது. அந்த வாய்க்கு உபதேசத்தைக் கொடுத்தால் வீண். கேள்வியைக் கொடுக்க வேண்டும். அந்தக் கேள்வியைப் பிள்ளைகளே எழுத வேண்டும்.

யார் இந்தப் பிள்ளைகள்? வேலூர், ராணிப்பேட்டை, மேல்விஷாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி. 2019இல் மாவட்டத்தை மூன்றாகப் பிரித்துவிட்டாலும் தொழிலும் பாலாறும் ஒன்றுதான். பத்தாவதிலோ பன்னிரண்டாவதிலோ படிப்பை விட்டுவிட்டு விடியற்காலையில் கம்பெனி பஸ் ஏறும் பெண்கள். டேனரியில் டிரம்முக்குப் பக்கத்தில் நிற்கும் பையன்கள். வீட்டு வாசலில் அம்மாவோடு உட்கார்ந்து ஷூவின் மேல்பாகத்தை ஜோடிக்கு இவ்வளவு என்று கையால் தைத்துக் கொடுக்கும் பிள்ளைகள். குடியாத்தம் பக்கம் பீடி சுற்றும் வீடுகள். இப்போது பீகாரிலிருந்தும் மேற்கு வங்கத்திலிருந்தும் வந்து ஒரே அறையில் பத்துப் பேராகத் தங்கியிருக்கும் இளைஞர்கள். பள்ளியின் பாடத்திட்டமும் இவர்களைத் தாண்டிப் போய்விட்டது. ஆஸ்பத்திரிக்குப் போவதென்றால் ஒரு நாள் கூலி போகும்.

இவர்களுக்குத் தெரிய வேண்டியது நிறைய இருக்கிறது. பணியில் இருந்தபோது எட்டாம் வகுப்பில் ஒரு கேள்விப் பெட்டி வைத்திருந்தேன். பழைய ஹார்லிக்ஸ் டப்பாவில் துளை போட்டது. பெயர் எழுத வேண்டாம், உடம்பைப் பற்றி என்ன சந்தேகமோ அதை எழுதிப் போடுங்கள் என்பேன். வந்த சீட்டுகளில் சில இன்னும் நினைவில் இருக்கின்றன.

"எங்க அப்பா கை எல்லாம் ஓட்ட ஓட்டயா கீது. டேனரில வேல. அது குஷ்டமா?"

"அக்காவுக்கு ரத்தம் கம்மின்னு சொன்னாங்க. அது ஒட்டிக்குமா?"

"பஞ்சர் சொல்யூஷன் மோந்தா தல சுத்துது. செத்துடுவாங்களா?"

"முத்தம் குடுத்தா எய்ட்ஸ் வருமா சார்?"

இந்த நான்கு சீட்டுகளுக்கும் பாடப்புத்தகத்தில் நேரான பதில் இல்லை. பதில் இதுதான். டேனரியில் குரோம் உப்பு பட்டுப் பட்டுத் தோலில் வட்டமாகக் குழி விழும். பெரிதாக வலிக்காது, அதனாலேயே விட்டுவிடுவார்கள். அது குஷ்டம் அல்ல. ஆனாலும் டாக்டர் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். இரத்தசோகை ஒட்டாது. பள்ளியில் வாரம் ஒரு நாள் கொடுக்கும் நீல மாத்திரை அதற்குத்தான். சாப்பிட்ட பிறகு போட்டால் குமட்டல் குறையும். ஷூ ஒட்டும் பசையிலும் பஞ்சர் சொல்யூஷனிலும் இருக்கும் கரைப்பான்களை மோந்தால் முதல் முறையிலேயேகூட இதயத் துடிப்பு தாறுமாறாகி உயிர் போகலாம். அதே பசையைக் காற்றோட்டம் இல்லாத அறையில் வருடக்கணக்காகத் தடவுகிறவர்களுக்குக் கைகால் மரத்துப்போகலாம். முத்தத்தால் எச்.ஐ.வி. வராது.

நான்குமே உயிரோடும் பிழைப்போடும் சம்பந்தப்பட்ட கேள்விகள். பெயர் எழுத வேண்டாம் என்று சொன்னதால்தான் வெளியே வந்தன. நேரில் நிறுத்திக் கேட்டால் நாற்பது பிள்ளைகளில் ஒருவர்கூட வாய் திறந்திருக்க மாட்டார்கள். பத்தாம் வகுப்பில் இனப்பெருக்கப் பாடம் வந்ததும் "வீட்டில் படித்துக்கொள்ளுங்கள்" என்று பக்கத்தைத் திருப்பும் வகுப்பறைகள் இன்றும் இருக்கின்றன. ஆசிரியரைக் குறை சொல்லிப் பயனில்லை. அவருக்கும் கூச்சம். முன்வரிசையில் உட்கார்ந்திருப்பது பக்கத்து வீட்டுப் பெண்ணாக இருக்கும்.

இந்தக் கூச்சம் நம் ஊருக்குப் புதிதல்ல. கரிகிரியில் தொழுநோய்க்கென்று ஆராய்ச்சி மருத்துவமனை தொடங்கியது 1955இல். மருந்து வந்து, குணமாகும் என்று நிரூபணமான பிறகும், அந்த நோயின் பெயரைச் சொல்ல வீடுகள் எத்தனை காலம் பயந்தன என்பது இந்தப் பக்கத்துப் பெரியவர்களுக்குத் தெரியும். அடுத்தது எய்ட்ஸ். இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலாகக் கண்டுபிடிக்கப்பட்டதில் வேலூருக்கு ஒரு பங்கு உண்டு. 1986 பிப்ரவரியில் சென்னை மருத்துவக் கல்லூரி மாணவி நிர்மலா, தன் பேராசிரியர் சுனிதி சாலமன் சொன்னபடி சேகரித்த இரத்த மாதிரிகளை ஐஸ் பெட்டியில் வைத்து, இரவு ரயிலில் காட்பாடிக்கு எடுத்து வந்தார். சென்னையில் அப்போது பரிசோதனை வசதி இல்லை. வேலூர் சி.எம்.சி.யில்தான் சோதித்தார்கள். ஆறு மாதிரிகளில் கிருமி இருந்தது. அந்த இரத்தத்தைக் கொடுத்தவர்கள் காப்பகத்தில் வைக்கப்பட்டிருந்த பாலியல் தொழிலாளிப் பெண்கள். நாட்டில் எய்ட்ஸே இல்லை என்று அதுவரை நம்பியிருந்தோம்.

அதற்குப் பிறகு தமிழ்நாடு நன்றாகவே வேலை செய்தது என்பது என் எண்ணம். 1994இல் மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் வந்தது. 2004 முதல் கூட்டுமருந்து இலவசமாகக் கிடைக்கிறது. அரசு மருத்துவமனைகளில் நம்பிக்கை மையம் இருக்கிறது. 1097க்குப் போன் செய்தால் பெயர் கேட்காமல் பதில் சொல்வார்கள். எச்.ஐ.வி. உள்ளவரை வேலையை விட்டோ பள்ளியை விட்டோ விலக்கக் கூடாது என்று 2017இல் தனிச் சட்டமே வந்துவிட்டது. மருந்து, சட்டம், மையம் எல்லாம் இருக்கிறது. அந்தக் கதவு வரை ஒரு பதினெட்டு வயதுப் பையனை நடக்கவைக்கும் பேச்சுதான் இல்லை. புள்ளிராஜா விளம்பரம் நினைவிருக்கிறதா? ஊரெல்லாம் டீக்கடையில் அதைப் பற்றியே பேசினார்கள். காரணம், அது கேள்வியாக வந்தது. மாட்டிக்கொண்டவன் கற்பனை ஆள். யாருடைய மானமும் போகவில்லை.

பொம்மையின் பலமும் அதுதான். பொம்மைக்கு மானம் போகாது.

நம் மரபில் பொம்மைக் கலை இரண்டு விதம். மரப்பொம்மையைக் கயிற்றாலும் கம்பியாலும் ஆட்டுவது பொம்மலாட்டம். தஞ்சாவூர், கும்பகோணம் பக்கத்துப் பொம்மைகளில் சில நாலரை அடி உயரமும் பத்துக் கிலோ எடையும் இருக்கும். தோலில் உருவத்தை வெட்டி, துளையிட்டு, வண்ணம் தீட்டி, வெள்ளைத் திரைக்குப் பின்னால் விளக்கு வைத்து நிழலாகக் காட்டுவது தோல்பாவைக்கூத்து. இதை நடத்துகிறவர்கள் பெரும்பாலும் வீட்டில் மராத்தி பேசும் கணிகர் சமூகத்துக் குடும்பங்கள். கன்னியாகுமரி, மதுரைப் பக்கங்களில் இருக்கிறார்கள். ஒரே ஆள் இராமனுக்கும் சீதைக்கும் அனுமாருக்கும் இராவணனுக்கும் குரல் கொடுப்பார். பேராசிரியர் அ.கா. பெருமாள் இந்தக் கலையைப் பற்றி ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்து எழுதியிருக்கிறார். ஆர்வமுள்ளவர்கள் தேடிப் படியுங்கள்.

தோலைப் பற்றி நம் ஊர்க்காரர்களுக்குப் பிடித்தமான ஒரு செய்தி. பாவைக்கு எடுக்கும் ஆட்டுத்தோலைப் பதனிட மாட்டார்கள். மயிர் நீக்கி, சுரண்டி, மெலிதாக்கி, விறைப்பாகக் காயவைப்பார்கள். அப்போதுதான் விளக்கொளி ஊடுருவும். நம் டேனரித் தோல் உலகமெங்கும் ஷூவாக நடக்கிறது, ஆனால் அதன் வழியாக வெளிச்சம் வராது.

பாவைக்கூத்தில் உளுவத்தலையன், உச்சிக்குடும்பன் என்று இரண்டு கோமாளிகள் உண்டு. இராமாயணம் நடந்துகொண்டிருக்கும்போதே நடுவில் புகுந்து ஊர் விவகாரம் பேசுவார்கள். ரேஷன் கடையைக் கிண்டல் செய்வார்கள், பெரிய மனிதர்களை வாருவார்கள். யாரும் கோபித்துக்கொள்வதில்லை. நம் வடஆர்க்காட்டுத் தெருக்கூத்தில் அந்த வேலையைக் கட்டியக்காரன் செய்கிறான். ராஜாவிடமே, "இன்னா ராஜா, நாட்ல மழ இல்ல, உனக்கு இன்னா கிரீடம்?" என்று கேட்கும் உரிமை அவனுக்கு உண்டு. மரபுக் கலையில் உபதேசம் செய்வதற்கு முனிவர் இருக்கிறார். ஜனங்களின் கேள்வியைக் கேட்பதற்குக் கோமாளி இருக்கிறான். நம் விழிப்புணர்வு நிகழ்ச்சிகள் கோமாளியை எடுத்துவிட்டு முனிவரை மட்டும் மேடையேற்றுகின்றன. ஜனங்கள் கொட்டாவி விடாமல் என்ன செய்வார்கள்?

உதாரணத்துக்கு ஒரு காட்சி எழுதிப் பார்த்தேன். இரண்டு கைப்பொம்மை போதும்.

கட்டியக்காரன்: "இன்னா தங்கச்சி, காலைல எடுத்தாந்த தண்ணி பாட்லு சாயந்தரம் வரிக்கும் ரொம்பியே கீது?"

பெண்: "குடிச்சா போவணும்ணா. போனா சூப்பர்வைசர் கைல டோக்கன் கேக்கணும். கேட்டா லைனே திரும்பிப் பாக்குது."

கட்டியக்காரன்: "அடிங்க, தாகத்துக்கும் டோக்கனா? சரி, அடிவயித்தப் புடிச்சிக்கினு நிக்கிறியே, அதுக்கு இன்னா டோக்கனு?"

பெண்: "எரியுதுண்ணா. நாலு நாளா ஜொரம். வீட்ல சொன்னா வேற இன்னாவோன்னு நெனச்சிக்குவாங்க."

கட்டியக்காரன் (கூட்டத்தைப் பார்த்து): "இன்னாம்மா, உங்கள்ல யாரு பாட்லு காலியாச்சு? கை தூக்க வாணாம். மனசுக்குள்ள சொல்லிக்கினா போதும்."

இந்த இடத்தில் பொம்மை நிற்க வேண்டும். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் நிஜமான செவிலியர் எழுந்து, தண்ணீர் குடிக்காமல் சிறுநீரை அடக்கினால் தொற்று வரும், விட்டால் சிறுநீரகம் வரை போகும், நம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சோதித்து மருந்து கொடுப்போம், இதற்கும் நடத்தைக்கும் சம்பந்தமில்லை என்று இரண்டு நிமிடம் பேசினால் போதும். ஒரு மணி நேரச் சொற்பொழிவில் இறங்காதது அந்த இரண்டு நிமிடத்தில் இறங்கும்.

இதை நான் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. தென்னாப்பிரிக்காவில் கேரி ஃப்ரீட்மன் என்ற பொம்மலாட்டக்காரர் 1980களின் கடைசியில் எய்ட்ஸுக்கு எதிரான பொம்மைகள் என்று ஓர் இயக்கமே நடத்தினார். நிறவெறி ஆட்சி நடந்த காலம். கறுப்புப் பொம்மை செய்தால் வெள்ளைக்காரன் "அது அவர்கள் நோய்" என்பான். வெள்ளைப் பொம்மை செய்தால் மற்றவர்கள் அதையே சொல்வார்கள். அதனால் பொம்மைகளுக்குச் சாம்பல் நிறம் பூசித் தெருவில் இறக்கினார். பின்னால் 1990களில் ஜோகன்னஸ்பர்க் சிறைக்குள் போய், அங்கிருந்த இளம் கைதிகளுக்கே பொம்மை செய்யக் கற்றுக்கொடுத்தார். சிறைக்குள் என்ன நடக்கிறது, நோய் எப்படிப் பரவுகிறது என்பதைக் கைதிகளே பொம்மையைக் கையில் மாட்டிக்கொண்டு சக கைதிகளுக்குச் சொன்னார்கள். தன் வாயால் சொல்ல முடியாததைப் பொம்மையின் வாயால் சொன்னார்கள்.

சாம்பல் நிறப் பொம்மை என்ற யோசனை நமக்கும் வேண்டும். நம் ஊரில் தோல் என்ற சொல்லைச் சுற்றிலும் சாதி இருக்கிறது. மதம் இருக்கிறது. பொம்மைக்கு ஒரு தொப்பியோ, ஒரு பொட்டோ, ஒரு தெருவின் பேச்சோ கொடுத்துவிட்டால், மற்ற எல்லோரும் "இது அவங்க பிரச்சினை" என்று எழுந்து போய்விடுவார்கள். உடையிலும் பெயரிலும் ரொம்பக் கவனம் வேண்டும்.

தமிழ்நாட்டிலும் முன்னோடிகள் உண்டு. சென்னையில் 1993இல் தொடங்கிய 'நலம்தானா' அமைப்பு, குடிசைப் பகுதிகளிலும் கிராமங்களிலும் நாடகம் போட்டு எய்ட்ஸ் பற்றியும் பெண்கள் நலம் பற்றியும் பேசியது. அறிவொளி இயக்கக் காலத்தில் கலைப்பயணக் குழுக்கள் பாட்டாலும் வீதி நாடகத்தாலும் ஊர் ஊராக ஜனங்களைத் திரட்டியதை என் வயது ஆசிரியர்கள் மறந்திருக்க மாட்டார்கள். டெல்லியில் உள்ள கலாச்சார வள மையம், கல்வியில் பொம்மலாட்டத்தின் பங்கு என்று பணியிலிருக்கும் ஆசிரியர்களுக்கே பயிற்சி நடத்துகிறது. 'எண்ணும் எழுத்தும்' வந்த பிறகு தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள் கைப்பொம்மையோடு வகுப்புக்குப் போகிறார்கள். ஐந்து வயதுப் பிள்ளைக்கு எழுத்துச் சொல்லித்தரும் பொம்மை, பதினைந்து வயதுப் பிள்ளைக்கு உடம்பைச் சொல்லித்தரக் கூடாதா?

எதிர்ப்புக் கருத்துகளும் வரும். எனக்குத் தோன்றியவற்றுக்குப் பதில் சொல்லிவிடுகிறேன்.

கையில் போன் வைத்திருக்கும் பையன் பொம்மை பார்க்க வருவானா என்று கேட்பீர்கள். போனில் அவன் எல்லாவற்றையும் பார்க்கிறான், உண்மைதான். பொய் வைத்தியமும் அதில்தான் வருகிறது, ஆபாசமும் அதில்தான் வருகிறது. ஆனால் போனைத் தனியாகப் பார்க்கிறான். தன் சந்தேகம் தனக்கு மட்டும்தான் என்று நினைத்துக்கொள்கிறான். பொம்மையைக் கூட்டத்தோடு பார்க்கும்போது, தான் சிரித்த இடத்தில் மற்றவனும் சிரிப்பதைப் பார்க்கிறான். "இவனுக்கும் இதே பயம்தான்" என்று புரிகிறது. வெட்கம் பாதி கழன்றுவிடும்.

மரபுக் கலையில் ஆணுறையையும் கழிப்பறையையும் கொண்டுவருவது கலைக்கு அவமானம் என்பார்கள். கேரளத்துப் பாலக்காட்டுப் பக்கம் பத்ரகாளி கோயில்களில் நம் கம்பராமாயணத்தை வைத்துத்தான் தோல்பாவைக்கூத்து நடக்கிறது. அந்தக் கலைக்காக 2021இல் பத்மஸ்ரீ பெற்ற ராமச்சந்திர புலவரின் குடும்பத்தில், இப்போது பெண்கள் தனிக்குழுவாக நின்று பெண்களின் பாட்டைப் பாவையில் காட்டுகிறார்கள். கோயில் கூத்தும் நடக்கிறது, இதுவும் நடக்கிறது. கலைக்கு அவமானம் எதுவென்றால், கலைஞரை அழைத்து ஆளுக்கொரு சால்வை போட்டு, தாளில் எழுதியதைப் படிக்கச் சொல்லி, பஸ் சார்ஜுக்குக் காத்திருக்க வைப்பதுதான்.

மூன்றாவது கேள்விதான் முக்கியம். அதை யாரும் கேட்பதில்லை என்பதால் நானே கேட்கிறேன். சுகாதாரக் கல்வி என்ற பெயரில் எல்லாப் பழியையும் தொழிலாளி தலையில் போட்டுவிடுகிறோமா?

2015 ஜனவரி 31, நள்ளிரவு தாண்டிய நேரம். ராணிப்பேட்டையில் தோல் ஆலைகளின் பொதுக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தில் கழிவுச் சேற்றுத் தொட்டியின் சுவர் உடைந்தது. பக்கத்து டேனரியில் தூங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் அந்தச் சேற்றில் சிக்கி இறந்தார்கள். பெரும்பாலானவர்கள் வங்காளத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். அவர்களுக்குச் சுகாதார விழிப்புணர்வு இல்லாததாலா செத்தார்கள்? கைகழுவத் தெரியாததாலா? தூங்கிய இடம் தப்பு, தொட்டி தப்பு. அதற்கு எந்தப் பொம்மையும் பதில் சொல்ல முடியாது.

டேனரித் தொட்டியில் விஷவாயு இருக்கும், முதலில் அழுகிய முட்டை நாற்றம் வரும், அளவு கூடினால் மூக்கே மரத்து நாற்றம் தெரியாமல் போகும், உள்ளே விழுந்தவனைக் காப்பாற்ற இறங்கியவனும் விழுவான். இதைப் பையன்களுக்குப் பொம்மை சொல்லியே தீர வேண்டும். கூடவே, "ஆளை உள்ளே இறக்கியது யாரு? காத்துக் குழாய் எங்க? கயிறு எங்க?" என்றும் அதே பொம்மை கேட்க வேண்டும். பெண்களிடம் தண்ணீர் குடி என்று சொல்லும் பொம்மை, கம்பெனியிடம் கழிப்பறை எத்தனை என்றும் கேட்க வேண்டும். பெண்களுக்குத் தனிக் கழிப்பறையும் குடிதண்ணீரும் வேண்டும் என்று 1948இலேயே தொழிற்சாலைகள் சட்டத்தில் எழுதியாகிவிட்டது. பாலாற்று மாசு வழக்கில், மாசுபடுத்தியவரே ஈடுகட்ட வேண்டும் என்று 1996இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2025 ஜனவரியில் மறுபடியும் சொல்ல வேண்டியிருந்தது. சட்டம் பேசியாகிவிட்டது. இனி ஊர் பேச வேண்டும்.

அதனால்தான் நிகழ்ச்சிக்கு யார் பணம் கொடுக்கிறார்கள் என்பது பெரிய விஷயம். கம்பெனியின் சமூகப் பொறுப்பு நிதியில் நடத்தினால் கழிப்பறை வசனத்தை வெட்டச் சொல்வார்கள். அரசுப் பணத்தில் நடத்தினால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்து இல்லை என்ற வசனத்தை வெட்டச் சொல்வார்கள். பணம் வாங்க வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். கலைஞர் வயிறும் நிறைய வேண்டும். ஆனால் வசனத்தில் கைவைக்கக் கூடாது என்று முதலிலேயே எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். கட்டியக்காரனின் வாயைக் கட்டிவிட்டால் அவன் வெறும் மரக்கட்டை.

நடைமுறைக்கு என்ன செய்யலாம்? பெரிய திட்டம் எதுவும் வேண்டாம். இந்தக் கல்வியாண்டிலேயே தொடங்கக் கூடியதைச் சொல்கிறேன்.

முதலில் கேள்விப் பெட்டி. பள்ளியில் ஒன்று, கம்பெனி பஸ் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் நூலகத்திலோ தையல் மையத்திலோ ஒன்று. ஒரு மாதம் சீட்டுகள் சேரட்டும். அந்தச் சீட்டுகள்தான் கூத்தின் பாடம். மேலிடத்திலிருந்து வரும் துண்டறிக்கை பாடமாகாது.

இரண்டாவது, பிள்ளைகளே பொம்மை செய்யட்டும். பழைய காலுறை, அட்டை, குச்சி போதும். நிழல்பாவைக்குப் பழைய எக்ஸ்ரே பிலிம் அருமையாக ஒத்துவரும். இடைநிலை ஆசிரியர் பயிற்சி முடித்த எல்லோருக்கும் கற்பித்தல் துணைக்கருவி செய்யத் தெரியும். ரெக்கார்டு நோட்டோடு அந்தத் திறமையைப் பரண்மேல் போட்டுவிடாதீர்கள். ஷூ கம்பெனியில் கழித்துப்போடும் தோல் துண்டுகளைச் சின்னப் பிள்ளைகள் கையில் கொடுக்க வேண்டாம். அதில் என்ன ரசாயனம் இருக்கும் என்று நமக்குத் தெரியாது.

மூன்றாவது, மரபுக் கலைஞர் ஒருவரைக் குருவாக அழையுங்கள். குரலை மாற்றுவது, பொம்மையைத் திரையில் நிறுத்துவது, சிரிப்புக்கு இடம்விட்டுப் பேசுவது எல்லாம் அவர்களிடம்தான் கற்க வேண்டும். சால்வையோடு முழுச் சம்பளமும் கொடுங்கள். நம் பக்கத்துத் தெருக்கூத்து வாத்தியார்களிடமும் கட்டியக்காரன் வசனம் கற்றுக்கொள்ளலாம்.

நான்காவது, மொழி. ஆம்பூரில் ஒரே தெருவில் தமிழும் உருதும் தெலுங்கும் கேட்கும். வெளிமாநிலத் தொழிலாளர் தங்கும் இடத்தில் இந்தியும் வங்காளமும் வேண்டும். பொம்மைக்கு எந்த மொழியும் வரும். அந்த மொழி பேசும் பிள்ளை ஒன்று திரைக்குப் பின்னால் இருந்தால் போதும்.

ஐந்தாவது, பயமுறுத்தாதீர்கள். மண்டை ஓடு, சவப்பெட்டி, எமன் எல்லாம் காட்டி எய்ட்ஸ் பற்றிப் பேசியதால்தான் அந்த நோய் வந்தவர்களை ஊர் ஒதுக்கியது. கூட்டத்தில் ஏற்கெனவே மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருக்கும் பிள்ளை ஒன்று உட்கார்ந்திருக்கலாம் என்று நினைத்துக்கொண்டு ஒவ்வொரு வசனத்தையும் எழுதுங்கள்.

ஆறாவது, கூத்து முடிந்ததும் செவிலியர் அங்கேயே இருக்க வேண்டும். மைக் இல்லாமல், மேஜை போடாமல், வேப்பமரத்தடியில். ஐடா ஸ்கடர் அம்மையார் 1909இலேயே வேலூரைச் சுற்றிச் சாலையோரத்தில் மருத்துவம் பார்த்த மண் இது. ஜனங்கள் இருக்கும் இடத்துக்கு வைத்தியம் போனது. 1097, குழந்தைகளுக்கு 1098, மனநலத்துக்கு 14416 என்ற எண்களைப் பொம்மையின் முதுகிலேயே எழுதி ஒட்டிவிடுங்கள். திரும்பி நிற்கும்போது எல்லோரும் படிப்பார்கள்.

வெற்றி பெற்றோமா என்பதைக் கைதட்டலை வைத்துப் பார்க்காதீர்கள். அடுத்த மாதம் கேள்விப் பெட்டியில் எத்தனை சீட்டு விழுகிறது, நம்பிக்கை மையத்துக்கு எத்தனை இளைஞர்கள் தாமாக வருகிறார்கள், நீல மாத்திரை சாக்கடையில் கிடக்கிறதா, வயிற்றுக்குப் போகிறதா, கம்பெனியில் டோக்கன் முறை போனதா என்று பாருங்கள். இதெல்லாம் எண்ணிப் பார்க்கக் கூடியவை. பிளெக்ஸைவிடச் செலவும் குறைவு.

தங்கள் பள்ளியிலோ தெருவிலோ தொடங்க விரும்புகிறவர்கள் பின்னூட்டத்தில் எழுதுங்கள். வசனம் எழுதித் தர நான் தயார். கண் கொஞ்சம் மங்கல், ஆனால் கட்டியக்காரன் பேச்சு இன்னும் நாக்கில் இருக்கிறது. கம்பெனிகளில் பொறுப்பில் இருக்கும் என் மாணவச் செல்வங்களுக்குத் தனியாக ஒரு வேண்டுகோள். பொம்மை வந்து கேட்பதற்கு முன்னால் நீங்களே அந்த டோக்கனை எடுத்துவிடுங்கள். முதல் காட்சியில் உங்கள் பெயரைச் சொல்லிக் கைதட்டச் சொல்கிறேன்.